போட்டோஷொப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: நான் கொக்குவிலில் வசிக்கிறேன். தகவல் தொழினுட்பத்தில் டிப்ளோமா முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே இணையத்தளங்களை வடிவமைத்துக் கொடுக்கிறேன். தற்போது கையில் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, ரொறன்ரோவில் சித்தப்பாவின் நண்பர் நடத்தும் உணவகத்துக்கு. மற்றையது, எங்கள் ஊர்க் கோயிலின் பரிபாலன சபைக்கு. என்னிடம் உள்ளது 8 ஜிபி நினைவகமும் விண்டோஸ் 10 உம் கொண்ட பழைய மடிக்கணினி. வாங்கிய கடையிலேயே போட்டோஷொப்பையும் போட்டுத் தந்தார்கள். அது உரிமம் இல்லாத பிரதி என்பது பின்னர்தான் விளங்கியது. போட்டோஷொப்பை வெளியிடும் அடோபி நிறுவனத்துக்குச் சந்தா கட்டத் தொடங்குவதா? எந்தெந்த மென்பொருள்கள் கட்டாயம் வேண்டும், எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும், இந்தக் கணினி தாங்குமா என்பவற்றைத் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சந்தாவை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். நீங்கள் குறிப்பிட்டுள்ள இரண்டு வேலைகளையும், மென்பொருளுக்கென ஒரு சதமும் செலவழிக்காமல், முழுக்கச் சட்டபூர்வமான வழியிலேயே செய்து முடிக்கலாம். இந்தத் தொழிலுக்குள் வருபவர்களில் பெரும்பாலோர் படம் வரையும் மென்பொருளிலிருந்தே தங்கள் பட்டியலைத் தொடங்குகிறார்கள். நான் அதைத் தலைகீழாக வைக்கச் சொல்வேன். வாடிக்கையாளர் உங்களை நம்பி ஒப்படைத்த கடவுச்சொற்கள், கோப்புகள், இயங்கிக்கொண்டிருக்கும் தளம் ஆகியவற்றைக் காக்கின்ற மென்பொருள்கள் முதலில் வர வேண்டும். மின்சாரமும் இணையமும் இல்லாத வேளையிலும் உங்களை வேலை செய்ய விடுகின்றவை அடுத்ததாக வர வேண்டும். அழகுபடுத்துபவை அதற்குப் பிறகு வந்தால் போதும்.

ஆகவே கடைக்காரர் போட்டுத் தந்த போட்டோஷொப்பிலிருந்தே தொடங்குகிறேன். சட்டத்தையும் நியாயத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தொழிலை மட்டும் பார்த்தாலும் அது உங்கள் கணினியில் இருக்கக் கூடாத ஒன்று. உரிமப் பூட்டை உடைக்கும் கோப்பை இயக்குவதற்கு வைரஸ் காப்பை நிறுத்திவைக்கச் சொல்வது வழக்கம். அந்த இடைவெளியில் உள்ளே நுழையும் நிரல்கள், உலாவியில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும் உள்நுழைவை நினைவில் வைத்திருக்கும் குக்கிகள் என்ற சிறு கோப்புகளையும் சத்தமில்லாமல் திரட்டி வெளியே அனுப்பக் கூடியவை. உங்களிடம் இருப்பது உங்கள் கடவுச்சொற்கள் மட்டுமல்ல என்பதைக் கவனியுங்கள். உணவகத்தின் ஹோஸ்டிங் கணக்கும் கோயில் தளத்தின் நிர்வாகி கணக்கும் அதே உலாவியில்தான் இருக்கின்றன. வேலைக் கோப்புகளை மட்டும் வேறொரு வட்டில் பிரதியெடுத்துக்கொண்டு, கணினியை முழுமையாகத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். கடவுச்சொற்கள் அனைத்தையும் அதற்கு முன்னரே, வீட்டிலுள்ள வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள். பழைய கணினியிலிருந்து மாற்றினால் புதிய கடவுச்சொற்களும் அதே வழியால் போய்விடலாம்.

மாற்றிய கடவுச்சொற்களை உலாவியிலோ குறிப்பேட்டிலோ வைக்காமல் கீபாஸ்எக்ஸ்சி என்ற மென்பொருளில் வையுங்கள். இலவசமானது, மூலநிரல் திறந்தது. எல்லாவற்றையும் மறைகுறியாக்கிய ஒரே கோப்பில் சேமிப்பதால் இணையம் இல்லாத வேளையிலும் திறக்கும். அந்தக் கோப்பின் ஒரு பிரதியை யூஎஸ்பியில் எடுத்துவைத்தால் அதற்கான காப்பும் முடிந்துவிடும். வாடிக்கையாளருக்கு ஒரு பகுதியாக அடைவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். வேலையை ஒப்படைக்கும் நாளில் எதையெல்லாம் அவரிடம் கையளிக்க வேண்டும் என்பது அங்கேயே தெரியும்.

கோப்புகளைச் சேவையகத்துக்கு ஏற்றுவதற்கு ஃபைல்சில்லா அல்லது வின்எஸ்சிபி போதும், இரண்டும் இலவசம். ஃபைல்சில்லாவில் முதன்மைக் கடவுச்சொல் வசதி உண்டு என்றாலும் அதை நீங்களாகத்தான் இயக்க வேண்டும். இயக்காமல் விட்டால் சேமித்த தளங்களின் கடவுச்சொற்கள் எளிதாகப் படிக்கக்கூடிய வடிவிலேயே வட்டில் கிடக்கும். இணைக்கும்போது எஃப்டிபி என்ற சாதாரண கோப்பு அனுப்பும் முறையைத் தவிர்த்து, மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபியைத் தெரிவுசெய்யுங்கள். பழைய எஃப்டிபி கடவுச்சொல்லை எந்த மறைப்பும் இல்லாமல் அனுப்புவது. ஃபைல்சில்லாவின் நிறுவியைத் தரவிறக்கும்போது கூடவே வேறு மென்பொருள்களைத் திணிக்கும் பதிப்பும் அந்தத் தளத்திலேயே இருப்பதுண்டு. ஒவ்வொரு திரையையும் வாசித்துவிட்டே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

இனி எங்கள் ஊருக்குரிய சிக்கலுக்கு வருகிறேன். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரியிலோ, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சரே விளக்கம் சொல்லும்படி நாடு முழுவதும் இருண்டது. மின்வெட்டு அட்டவணை இல்லாத காலத்திலும், மழைக்கும் காற்றுக்கும் இணைப்பு அறுந்துபோவது இங்கே வழமைதான். ஆகையால் இயங்கிக்கொண்டிருக்கும் தளத்தில் நேரடியாகக் கைவைத்து வேலை செய்யும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள். உங்கள் தளங்கள் வேர்ட்பிரஸ் என்ற தள உருவாக்க மென்பொருளில் அமைந்தவை என்றால் 'லோக்கல்' என்ற இலவச மென்பொருள் முழுத் தளத்தையும் உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே இயக்கித் தரும். சேவையகம், பிஎச்பி என்ற நிரல்மொழி, தரவுத்தளம் ஆகிய மூன்றையும் அதுவே ஒழுங்குசெய்வதால், றூட்டர் அணைந்துபோனாலும் பற்றரியில் மிஞ்சியிருக்கும் நேரம் முழுவதும் நீங்கள் வேலை செய்யலாம். வேர்ட்பிரஸ் அல்லாத பிஎச்பி தளங்களுக்கு எக்ஸாம்ப் அதே வேலையைச் செய்யும். 8 ஜிபி நினைவகத்தில் ஒரே நேரத்தில் ஒரு தளத்தை மட்டும் இயக்கி, மற்றவற்றை நிறுத்திவைப்பது நல்லது.

இதனோடு கிட் என்பதையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் எழுதிய இந்த மென்பொருள், நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்போடு பதிந்துவைக்கிறது. அதன் முழு வரலாறும் உங்கள் கணினியிலேயே இருப்பதால் பதிவதற்கு இணையம் தேவையில்லை. இணைப்பு வந்த பிறகு கிட்ஹப் என்ற இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பினால் போதும். கட்டளை வரியைக் கண்டு தயங்கினால் கிட்ஹப் டெஸ்க்டொப் என்ற மென்பொருளில் பொத்தான்களை அழுத்தியே இதைச் செய்யலாம். உங்கள் உணவகத் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை உணவுப் பட்டியலின் அமைப்பை மாற்றுகிறீர்கள், புதன்கிழமை மேற்பட்டையின் நிறத்தை மாற்றுகிறீர்கள், வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும் வேளையில், 'பட்டியல் முன்பு இருந்த மாதிரியே இருக்கட்டும், நிறம் மட்டும் இப்படியே இருக்கட்டும்' என்று உரிமையாளர் செய்தி அனுப்புகிறார். பட்டியலையும் நிறத்தையும் தனித்தனியாகப் பதிந்திருந்தால், செவ்வாய்க்கிழமைப் பதிவை மட்டும் மீளப் பெற்றுக்கொண்டு புதன்கிழமையுடையதை அப்படியே விட்டுவிடலாம். 'புதியது', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று அடைவுகளுக்குப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு அந்த இரவில் நித்திரை இல்லை. ஒரேயொரு எச்சரிக்கை உண்டு: தரவுத்தளக் கடவுச்சொல் அடங்கிய வேர்ட்பிரஸ் அமைவுக் கோப்பைக் கிட்டில் சேர்க்காதீர்கள்.

நிரல் எழுதுவதற்கு விஷுவல் ஸ்ரூடியோ கோட் போதும். மைக்ரோசொப்ட் 2015 இல் அறிமுகப்படுத்திய இலவசத் திருத்தி இது. நீட்சிகளை அள்ளிப் போட்டால் உங்கள் கணினி திணறும்; தேவையான நாலைந்தை மட்டும் வைத்திருங்கள். அதுவும் பாரமாகத் தெரிந்தால் நோட்பேட் பிளஸ் பிளஸ் இருக்கிறது. இதில் விவாதிக்க வேறொன்றும் இல்லை.

வடிவமைப்பு மென்பொருளில்தான் விவாதிக்க நிறைய உண்டு. பக்க அமைப்பை வரைந்து வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்குப் பெரும்பாலானோர் இன்று ஃபிக்மாவையே பாவிக்கிறார்கள். அடோபி நிறுவனமே 2,000 கோடி டொலருக்கு அதை வாங்க முன்வந்து, ஒழுங்குபடுத்தும் அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் கைவிட்டது. அடோபியின் சொந்த வடிவமைப்பு மென்பொருளான எக்ஸ்டியில் புதிய வசதிகள் இனி வரப்போவதில்லை என்பதால், அதைக் கற்பதில் காலத்தைச் செலவழிக்காதீர்கள். ஃபிக்மாவின் இலவசத் திட்டம் தனியாக வேலை செய்யும் ஒருவருக்குப் போதும். ஆனால் அது அடிப்படையில் இணையத்தை நம்பி நிற்பது. திறந்துவைத்திருக்கும் கோப்பில் இணைப்பு அறுந்தாலும் தொடர்ந்து வரையலாம். இருளில் உட்கார்ந்துகொண்டு வேறொரு கோப்பைத் திறக்கலாம் என்று எண்ணியிருக்க முடியாது. வேலை முடியும் ஒவ்வொரு கட்டத்திலும் கோப்பின் பிரதியை உங்கள் வட்டிலும் சேமித்துவைப்பது அவசியம். இலச்சினை, ஐகொன் எனும் சிறு குறியீட்டுப் படம் போன்றவற்றுக்கு இங்க்ஸ்கேப்பும் புகைப்படத் திருத்தத்துக்குக் கிம்ப்பும் இருக்கின்றன. கிம்ப்பின் பழைய தோற்றத்தைப் பார்த்து வெறுத்தவர்கள், 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பை ஒருமுறை திறந்து பார்க்கலாம். போட்டோஷொப்பில் நிறங்களைத் தனி அடுக்கில் திருத்தப் பழகியவர்களுக்கு வேண்டிய அழிக்காத திருத்த முறை அதில் வந்துவிட்டது.

எந்த வரைகலை மென்பொருளை ஏற்பதற்கு முன்பும், விளம்பரத்தை நம்பாமல் உங்கள் ஊரின் பெயரையே அதில் தட்டச்சு செய்து பாருங்கள். 'கொக்குவில்' என்பதன் முதலெழுத்தில் ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் சேர்ந்து நிற்க வேண்டும். கொம்பு பின்னால் போய் நின்றாலோ, புள்ளிகளாலான வட்டம் ஒன்று தோன்றினாலோ, அந்த மென்பொருளுக்குத் தமிழை அமைக்கத் தெரியவில்லை அல்லது அதற்குரிய அமைப்பு இயக்கப்படவில்லை என்று பொருள். இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் இதில் தேறிவிடும். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில், எழுத்து அமைப்புகளில் உலக மொழிகளுக்குரிய தளக்கோலத்தைத் தெரிவுசெய்யாவிட்டால் தமிழ் சிதையும். பணம் கட்டி வாங்கிய பின்னரும் இந்தச் சிதைவோடு பதாகை அச்சிட்டவர்கள் உண்டு. கேன்வா நிறுவனம் 2024 இல் வாங்கி, 2025 ஒக்டோபரில் இலவசமாக்கிய அஃபினிட்டியையும் இதே சோதனைக்கு உட்படுத்திவிட்டுத் தமிழ் வேலைக்குப் பயன்படுத்துவதா என்பதைத் தீர்மானியுங்கள். அதேபோல, பக்கத்தை வரையும்போது ஆங்கில நிரப்புச் சொற்களை வைத்து வரையாதீர்கள். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடியும் பொத்தான், தமிழில் 'பதிவுசெய்யுங்கள்' என்று வந்ததும் கைபேசித் திரையில் இரண்டு வரியாக உடையும். மேல்விலங்கும் கீழ்விலங்கும் முட்டாமல் இருக்க வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு வைப்பதிலும் கூட்ட வேண்டியிருக்கும்.

கோயில் வேலையில் இன்னொரு சிக்கல் உங்களுக்காகக் காத்திருக்கிறது. பரிபாலன சபையினர் தல வரலாற்றையும் திருவிழா விபரங்களையும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பாகத் தருவார்கள். எங்கள் அச்சகங்கள் நெடுங்காலம் அதையே பாவித்து வந்ததால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கருவியில் அப்படியே தெரியும், கூகுள் தேடலிலும் அகப்படாது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின்னர் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்த வரிகளை விசேடமாகப் பாருங்கள்; மாற்றி அவற்றையும் தமிழென்று எண்ணிக் குழப்பியிருக்கும். கிரந்த எழுத்துகளும் இடம் மாறும், கோயில் விடயத்தில் அது ஒவ்வொரு வரியிலும் வரும். மாற்றிய பிரதியைச் சபையின் செயலாளரிடம் கொடுத்து ஒப்புநோக்கி ஒப்பமிடச் செய்த பின்னரே தளத்தில் ஏற்றுங்கள். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்வதற்குக் கீமேன் என்ற இலவச மென்பொருள் உதவும். இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையோ தமிழ்99 ஐயோ, கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதற்கேற்பத் தெரிவுசெய்யலாம்.

தளத்தில் பாவிக்கும் எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்ல தெரிவு. அதைக் கூகுளின் சேவையகத்திலிருந்து அழைக்காமல், கோப்பைத் தரவிறக்கி வாடிக்கையாளரின் சேவையகத்திலேயே வையுங்கள். 2022 ஜனவரியில் ஜேர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, வருகையாளரின் ஐபி முகவரி கூகுளுக்குப் போனதற்காக ஒரு தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு கொடுக்கப் பணித்தது. உங்கள் அடுத்த வாடிக்கையாளர் ஜேர்மனியில் உள்ள உறவினர் ஒருவராக இருக்க எல்லாச் சாத்தியமும் உண்டு.

திருவிழாப் படங்களைப் பற்றியும் ஒரு சொல். கைபேசியிலிருந்து வரும் படங்கள் ஒவ்வொன்றும் பல எம்பி பாரமானவை. தேர், தீர்த்தம், பூங்காவனம் என்று நூறு படங்களை அப்படியே ஏற்றினால் எந்தத் தளமும் நகராது. சீசியம் என்ற இலவச மென்பொருள் ஓர் அடைவில் உள்ள எல்லாப் படங்களையும் ஒரே தடவையில் சுருக்கும். சுருக்கிய பிறகு குரோமில் எஃப்12 விசையை அழுத்தி, வலையமைப்புப் பகுதியில் வேகத்தை மந்தமான கைபேசி இணைப்பு அளவுக்குக் குறைத்துப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நல்லூரில் திருவிழாச் சனத்துக்குள் நின்று கைபேசியில் பூசை நேரம் பார்க்கும் ஒருவருக்கு உங்கள் தளம் எப்படித் திறக்கும் என்பது உங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பில் தெரியாது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் என்விடிஏயும் இலவசமே. அதைப் போட்டுத் தளத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். ஒவ்வொரு திருத்தத்தையும் தொலைபேசியில் விளக்குவதைவிட, ஓபிஎஸ் ஸ்ரூடியோவில் திரையையும் உங்கள் குரலையும் சேர்த்து இரண்டு நிமிடம் பதிந்து அனுப்பிவிட்டால் அவர் காலையில் எழுந்து பார்த்துக்கொள்வார். விலைமனுவுக்கும் கட்டணச் சிட்டைக்கும் லிப்ரே ஒஃபிஸ் போதும். தனிக் கணக்கு மென்பொருள் எதுவும் இந்த நிலையில் தேவையில்லை.

காப்புப் பிரதிக்கு டூப்ளிகாட்டி என்ற மென்பொருளைப் பாருங்கள். வேலைக் கோப்புகளை மறைகுறியாக்கி, நீங்கள் குறித்த நேரத்தில் வெளி வட்டுக்கும் கூகுள் டிரைவுக்கும் தானாகவே அனுப்பும். இரண்டு இடமும் வேண்டும்; மேசையில் மடிக்கணினியின் பக்கத்திலேயே இருக்கும் வெளி வட்டு, மின்னல் அடித்தால் அதனுடனேயே போய்விடும். வாடிக்கையாளர் தளங்களின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் மாதமொரு முறை இறக்கி, அந்தப் பிரதியை லோக்கல் மென்பொருளில் ஏற்றி உண்மையிலேயே இயங்குகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைக் காப்பு என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

போட்டோஷொப் எப்போது வேண்டும்? வாடிக்கையாளரோ முகவர் நிறுவனமோ அந்தக் கோப்பு வடிவத்திலேயே அடுக்குகளோடு தரவும் பெறவும் வேண்டும் என்று கட்டாயப்படுத்தும்போது, அந்த வேலையின் விலையிலேயே சந்தாவைச் சேர்த்துக் கேட்கக் கூடிய நிலையில், வேண்டும். அப்போதும் கவனமாக இருங்கள். 'வருடாந்தம், மாதந்தோறும் கட்டலாம்' என்று காட்டப்படும் திட்டம் உண்மையில் ஓராண்டு ஒப்பந்தம். முதல் 14 நாட்களுக்குப் பின்னர் நிறுத்தினால் எஞ்சிய மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட நேரும். இது தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று குற்றஞ்சாட்டி அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் பரிந்துரையின் பேரில் அந்நாட்டு நீதித் திணைக்களம் 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது. ஒரு வேலைக்காக மட்டும் என்றால், கட்டணம் கூடினாலும் மாதத்துக்கு மாதம் நிறுத்தக்கூடிய திட்டத்தையே எடுங்கள்.

கையில் இருக்கும் பணத்தைக் கணினியில் போடுங்கள். மடிக்கணினி இடம் தருமானால் நினைவகத்தை 16 ஜிபியாக உயர்த்துங்கள். இன்னும் பழைய சுழலும் வட்டுத்தான் உள்ளே இருக்கிறதென்றால் அதற்கு முன்னரே எஸ்எஸ்டி என்ற, சுழலும் பாகமில்லாத வேகமான வட்டைப் போடுங்கள், அந்த ஒரு மாற்றத்திலேயே வேறு கணினி வாங்கியது போலிருக்கும். அடுத்து வெளி வட்டு, அதற்கு அடுத்து றூட்டருக்கான சிறிய யூபிஎஸ். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. தனிப் பாவனையாளருக்கான பாதுகாப்பு நீடிப்பும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினி என்றால் விண்டோஸ் 11 ஐ மைக்ரோசொப்ட் அதற்குப் பொதுவாக அனுமதிப்பதில்லை. எப்படியும் துடைத்து நிறுவத்தான் போகிறீர்கள் என்பதால், அந்த நிலையில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவதைப் பற்றி யோசியுங்கள். நான் மேலே சொன்னவற்றில் வின்எஸ்சிபி, நோட்பேட் பிளஸ் பிளஸ், அஃபினிட்டி, கிட்ஹப் டெஸ்க்டொப், என்விடிஏ போன்ற சில விண்டோஸைச் சார்ந்தவை. ஃபிக்மாவை உலாவியில் திறக்கலாம், ஏனைய பெரும்பாலானவை அங்கேயும் இயங்கும். நிறுவுவதற்கு முன்னர் அதை ஒரு யூஎஸ்பியிலிருந்தே இயக்கி, வைஃபை, ஒலி, விசைப்பலகை ஆகியவை உங்கள் கணினியில் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று ஒரு மாலைப்பொழுது சோதித்துப் பாருங்கள்.